முதலில் கதவைத் தட்டுகிறவர்

மின்விசிறியைக் கொஞ்சம் நிறுத்திவிடுங்கள் தம்பி, நேர்க்காற்று பட்டால் எனக்குக் கழுத்து பிடித்துக்கொள்கிறது. ஒருகாலத்தில் என் கீழே வேலை பார்த்தீர்கள் என்பதற்காக நின்றுகொண்டே எழுத வேண்டாம். உட்காருங்கள். நிதானமாகச் சொல்கிறேன்.

என்னைப் பற்றித் துறையில் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். எந்த வீட்டைச் சோதனை போட்டாலும் கதவை முதலில் தட்டுவது நான்தான். பெரிய பதவிக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. "ஐயாவே முன்னால நிக்கிறாரு, நமக்கென்ன" என்று ஆட்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருவார்கள். ஓர் அதிகாரிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

எனக்குப் பின்னால் எப்போதும் எங்கள் ஏட்டு நிற்பார். என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சாப்பாட்டுக் கூடையோடு அலைந்தது அவர்தான். என் கூடப்பிறந்தவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நீங்கள் இப்போது மறுபடி விசாரிக்கிற வழக்கின் அந்த எலக்ட்ரீஷியன் பையன் ஆள் மாறிப் பிடிபட்டவன். ஸ்டேஷனில் அடித்ததில் செத்துப்போனான். இன்ஸ்பெக்டர்தான் அடித்தார் என்று ஊரெல்லாம் பேச்சு. அவருக்குக் கைக்குழந்தை இருந்தது. என் ஆட்களை விட்டுக்கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. நேரில் பார்த்தவர் ஏட்டு ஒருவர்தான். பையன் வழுக்கி விழுந்தான் என்று கோர்ட்டில் சொல்லிவிடும்படி அவரைக் கேட்டேன்.

"நீங்க சொன்னா நெருப்புலகூட குதிப்பேன்யா. இதை மட்டும் கேக்காதீங்க. அந்தப் பையனோட அம்மா தினமும் வாசல்ல வந்து நிக்குது. அது மூஞ்சியப் பாத்துட்டு எனக்குப் பொய் வரமாட்டேங்குது."

அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கோர்ட்டுக்கு முந்தின வாரம், கள்ளத் துப்பாக்கி விற்கிறவன் ஒருவனைப் பிடிக்கப் போனோம். அவன் கதவைக் குறிபார்த்து உட்கார்ந்திருக்கிறான், தட்டினால் சுட்டுவிடுவான் என்று துப்பு கொடுத்தவன் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தான். நான் எங்கள் ஆட்களிடம், ஆள் வெறுங்கையோடு தூங்குகிறான் என்றேன். மாடிப்படியில் வைத்து ஏட்டின் தோளில் கை போட்டேன்.

"இன்னைக்கு நீங்க தட்டுங்க."

அவர் முகம் மலர்ந்துபோயிற்று. என் மனசு ஆறிவிட்டது என்று நினைத்துக்கொண்டார் போல. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, சம்பந்தி வீட்டுக்குப் போகிறவர் மாதிரி மெதுவாகத் தட்டினார்.

வீட்டில் போய்ச் சொன்னதும் நானேதான். வேறு யாரையும் அனுப்ப மனசு வரவில்லை. அவர் மனைவி, "அவருக்கு ரொம்ப வலிச்சுதாண்ணே?" என்று மட்டும் கேட்டாள். "இல்லம்மா" என்றேன். அன்று நான் அழுத அழுகை நிஜம், தம்பி. என்ன மனுஷன்.

அவர் மகளை நான்தான் படிக்கவைத்தேன். அவளும் நம் வேலைக்கே வந்தாள். இன்று காலை ஒரு சோதனைக்குப் போனபோது, வாசலில் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பெரியப்பா, இன்னைக்கு நான் தட்டட்டுமா? அப்பா மாதிரி."

அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அங்கிருந்துதான் நேராக இங்கே வருகிறேன்.

இன்ஸ்பெக்டரை இனிமேல் கூப்பிட்டு அலைக்கழிக்காதீர்கள். பையன் செத்த அன்று அவர் ஸ்டேஷனிலேயே இல்லை. பழி தன்மேல் விழுந்தும் எனக்குப் பயந்து வாயைத் திறக்காமல் இருந்துவிட்டார், பாவம்.

லத்தி என் கையில்தான் இருந்தது. ஏட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "போதும்யா, இவன் அந்த ஆளே இல்ல" என்றார். அவர் சொல்வது சரி என்று எனக்குத் தெரிந்தது. அவர் கையை உதறிவிட்டு, அதற்குப் பிறகும் அடித்தேன்.