பேரு ஓடுறப்ப கதவைத் தொறக்காதீங்க

சாயந்தரம் அஞ்சு நாப்பதும்மா. தியேட்டர்ல மொத்தம் முப்பத்தோரு பேரு. படம் ஓட்டுற ஆபரேட்டர் பேரு காத்தமுத்து, அந்தா செவத்துல சாஞ்சு நிக்கிறாருல்ல, அவருதான். தேதியா? போன வருசம் நவம்பர் இருபத்தொம்பது, வியாழக்கெழமை. தீவாளிக்கு வந்த படம், அன்னைக்குத்தான் கடைசி நாளு. மேட்னி ஷோ. எல்லாம் அந்தப் பேப்பர்லயே எழுதிருப்பாங்களே. சரி, என் வாயால கேக்கணும்ங்கிறீங்க. சொல்றேன்.

வக்கீல் வேணாம் ஜட்ஜம்மா. லோக் அதாலத்துன்னா நேராப் பேசி முடிச்சுக்கலாம்னுதானே வரச்சொன்னாங்க. என் பேரு உடையப்பன். நாகல்நகர்ல மோட்டார் காயில் கட்டுற கடை. ஆத்தூர்ப் பக்கம் கெணத்து மோட்டார் எரிஞ்சாலும் என்கிட்டதான் கொண்டாருவாங்க, அய்யலூர்ல எரிஞ்சாலும் என்கிட்டதான். முப்பது வருசத் தொழிலு, ஒரு நாள் போலீஸ் ஸ்டேசன் வாசலை மிதிச்சதில்ல. மிதிக்க வச்சது இந்தக் காத்தமுத்து. சிரிக்காதப்பா. நீ சட்டைப் பித்தான் பிஞ்சதுக்குக் கேஸ் குடுத்த ஆளு.

மன்னிப்பு எழுதிக் குடுத்தா முடிச்சுக்கலாம்னு தியேட்டர் மேனேஜர் சொல்றாரு. எனக்கும் சம்மதந்தான். ஆனா ஒரு கண்டிசன். ஒங்க மேசையில சீல் வச்ச காக்கிக் கவரு ஒண்ணு இருக்குல்ல, அதுக்குள்ள நான் கிழிச்ச பிலிமு இருக்கு. அதை ஒரு நிமிசம் பாக்கணும். பாத்துட்டாக் கையெழுத்துப் போட்டுருவேன், பாக்காமப் போடமாட்டேன். கேஸ் முடிஞ்சா அந்தக் கவரு தியேட்டருக்குப் போகும், தியேட்டர்லருந்து குப்பைக்குப் போகும். அப்பறம் நான் எங்க போய்த் தேடுறது? மூணு வாய்தாவுலயும் இதைத்தான் சொன்னேன். ஆளுக்குக் கிறுக்குன்னு முடிவு பண்ணிட்டாங்க.

கோவப்படலம்மா, கொரலே அப்பிடித்தான். மோட்டார் சத்தத்துல கத்திக் கத்திப் பழகிப்போச்சு.

இல்ல, கோவந்தான். ஒங்ககிட்ட என்னத்துக்குப் பொய் சொல்லிக்கிட்டு.

நான் படம் பாக்குற ஆளும்மா. வெள்ளிக்கெழமைன்னாப் புதுப்படம் பாத்துரணும். ஆனா இந்த அஞ்சாறு வருசமா வர்ற படத்தைப் பாத்தீங்கன்னா வயிறு எரியும். மதுரை, திண்டுக்கல்லுன்னு ஊர் பேரைச் சொல்லிட்டாப் போதும், ஆளுக்கொரு அருவாளைக் குடுத்துர்றான். எங்க தெருவுல அருவா வச்சிருக்கது எளநிக்காரரு ஒருத்தருதான். அப்பன்னு ஒருத்தன் வருவான் பாருங்க, மீசைய முறுக்கிக்கிட்டு மகளை அறையில போட்டுப் பூட்டுவான். பூட்டு நம்ம ஊருப் பூட்டு, அது ஒண்ணுதான் அதுல நெசம். கடைசிப் பத்து நிமிசத்துல ஈரோ வந்து அந்தாளைப் பொரட்டி எடுப்பான். சனம் விசிலடிக்கும். எனக்கு முன் சீட்டுல ஒருத்தன், நரைச்ச தலை, அவன் வீட்டுலயும் பொம்பளப்புள்ள இருக்கும், அவனும் விசிலடிக்கிறான். அந்தப் புள்ளையைப் படிக்கவைக்க அப்பன் பட்ட பாட்டை எவனாச்சும் ஒரு ரீலு காட்டிருக்கானா? ரெண்டு அடி வாங்குனதும் அப்பன் திருந்திருவானாம். தட்டுனாப் பாடுறதுக்கு அவன் என்ன ரேடியோப் பொட்டியா?

இந்தத் தீவாளிப் படமும் அதே கருமந்தான். கதைன்னு ஒண்ணு கெடையாது, பாட்டு காது வலி. ஈரோவுக்கு என் வயசு இருக்கும், நோட்டைத் தூக்கிக்கிட்டு காலேசுக்குப் போறான். உருப்படியா நடிச்சது அதுல அந்தக் காட்டு மாடு மட்டுந்தான். கம்ப்யூட்டர்ல செஞ்சதாம், கிராபிக்ஸு. கொடைக்கானல் ரோட்டுல நிக்குமே, அதே மாதிரி. ஈரோவை முட்டித் தூக்கும். படத்துலயே நான் கை தட்டுனது அந்த ஒரு எடந்தான். முட்டுறதுக்கு முன்னாடி செத்த நேரம் அசையாம நிக்கும். எடது காதுல ஒரு ஈ ஒக்காரும். ஒடம்பு அப்பிடியே இருக்கும், காதை மட்டும் வெடுக்குன்னு ஒரு ஆட்டு. முதுகுத் தோலு ஒரு சிலுப்பு. ஏசி ரூம்லயே பொறந்து வளந்தவனுக்கு அது தெரியாதும்மா. மாட்டுக்குத் தண்ணி காட்டுன கைதான் அதைச் செஞ்சிருக்கணும்.

எத்தனை தடவை பாத்தேனா? ஆறு. பிடிக்காத படத்தை ஆறு தடவை பாத்தியாக்கும்னு கேக்குறீங்க. கேக்க வேண்டியதுதான். அதுக்குத்தான் வாரேன்.

நம்ம ஊர்ல படம் முடியிறதுக்கு முன்னாடியே கதவைத் தொறந்துருவாங்கம்மா. வெயிலு மூஞ்சியில அடிக்கும். ஃபேனை நிப்பாட்டிருவாங்க. பேரு ஓட ஆரம்பிச்சு நாலு வரி போயிருக்காது, தெரை இருண்டுரும். டைரக்டர் பேரு மொதல்லயே போட்டாச்சு, ஈரோ பேரை நெருப்பெல்லாம் பத்தவச்சுப் போட்டாச்சு, மிச்சப் பேரு எவனுக்குன்னு நெனப்பு. லைட்டைத் தூக்குனவன், வண்டி ஓட்டுனவன், சோறு வடிச்சவன், கம்ப்யூட்டரைப் பாத்துப் பாத்துக் கண்ணு போனவுங்க, அம்புட்டுப் பேரும் இருட்டுக்குள்ள. சனமும் அப்பிடித்தான், அய்யலூருச் சந்தையில பட்டியத் தொறந்துவிட்டாப்ல முண்டிக்கிட்டு ஓடுது.

மொத தடவை சும்மா இருந்தேன். ரெண்டாவது தடவை மேனேஜர்கிட்ட போனேன், பேரை முழுசா ஓட்டுங்க சார்னு தன்மையாத்தான் கேட்டேன். அடுத்த ஷோவுக்குக் கூட்டணும்ங்கிறாரு. கூட்டட்டும், நான் காலைத் தூக்கிக்கிறேன்னேன். இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க பாப்போம்! மூணாவது தடவை காத்தமுத்துவுக்கு டீயும் வடையும் வாங்கிக் குடுத்தேன். வடையைத் தின்னுட்டு அன்னைக்கும் நிப்பாட்டிட்டாரு. ஏன்யான்னா, இருவது வருசப் பழக்கம்ணே, கை தானாப் போயிருச்சுங்கிறாரு.

சிடியா? திருட்டு சிடியும் வாங்குனேம்மா. சொல்றதுக்கு என்ன, ஒரு கேசோட இன்னொரு கேசாப் போட்டுக்கோங்க. அதைத் தியேட்டர்ல ஒக்காந்துதானே புடிக்கிறான்? இங்க இருண்டா அதுலயும் இருளுது.

பேருல அப்பிடி என்ன இருக்கா?

வீடியோ கேமு பாத்திருக்கீங்களா நீங்க? என் கடைக்கு அடுத்த கடையில விக்னேஷ்குமாருன்னு ஒரு தம்பி, நாலு டிவியை வச்சு கேம் சென்டர் நடத்துனாப்ல. போன சித்திரையில ஜப்பான்காரன் புது மெசின் விட்டான், நாப்பதாயிரம் ரூவா. பயலுக எல்லாம் அந்த மெசின் இருக்கான்னுதான் வந்து கேக்குறானுக. அந்தத் தம்பி எங்க போவாப்ல? சென்டரை மூடிட்டு இப்ப செல்போனுக்கு ரீசார்ஜ் போட்டுக்கிட்டு இருக்காப்ல. ஜப்பான்ல ஒருத்தன் தும்முனா நாகல்நகர்ல ஒருத்தனுக்குக் கடை போகுது. மோட்டார் கடைக்காரனுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்னு பாக்குறீங்க. பேப்பர்ல வரி விடாமப் படிப்பேன். எந்தக் கேம் கம்பெனியை எவன் வாங்குனான், எங்க ஆளெடுக்கிறான், எங்க ஆளைக் கழிக்கிறான், கேளுங்க, சொல்றேன்.

வெள்ளைக்காரன் அமெரிக்காவுல கேமு விப்பான். அதுல வர்ற மரம், ரோட்டோரக் கட்டடம், இதெல்லாம் வரையிறது மெட்ராசுல நம்ம புள்ளைக. கூலி கம்மில்ல? நாலு வருசத்துக்கு முன்னாடி ஒரு கார் ரேசு கேமு வந்துச்சு. அதுல இருக்க மரம் அம்புட்டும் மெட்ராசு மரம். அதுலயும் கடைசியில பேரு ஓடுமாம். ஆனா எல்லா ரேசையும் செயிச்சாத்தான் ஓடுமாம். எப்பிடி இருக்கு பாருங்க நாயம்! நானே ஒக்காந்து ஆடிப் பாத்தேம்மா. காயில் கட்டுற கை, அந்தப் பட்டனுக்கு மசியல. காரு போய்ப் போய் மரத்துலதான் முட்டுது. அப்பறம் விக்னேஷ்குமாருதான் ஆடி முடிச்சாப்ல. ஓடுச்சு, கால் மணி நேரம் பேரு ஓடுச்சு. எல்லாம் வெள்ளைக்காரன் பேரு. அவுங்க ஆபீசு நாய்க்குட்டிக்கு நன்றின்னு ஒரு வரி. மரம் வரைஞ்சவுங்க ஒருத்தரு பேரும் இல்ல. அடுத்த வருசம், வேற நாட்டுல இதைவிடக் கூலி கம்மின்னு மெட்ராசுக் கம்பெனியையும் இழுத்து மூடிட்டான். பேப்பர்ல அஞ்சு வரி போட்டுருந்தான்.

ஆமாம்மா. மகதான். தமிழ்நிலா. ஒரே புள்ள. மரமும் அவதான், காட்டு மாடும் அவதான். அவளும் கூட ஒரு பத்துப் பேரும். கேமு கம்பெனி போனபெறகு சினிமாவுக்கு கிராபிக்ஸ் பண்ற எடத்துல சேந்துட்டா. அவ சின்னப்புள்ளையா இருந்தப்ப வீட்டுல ரெண்டு மாடு நின்னுச்சு. பள்ளிக்கூடம் விட்டு வந்து தண்ணி காட்டுறது அவதான்.

அவகிட்டயே கேக்கலாம்தான். பேச்சு இல்லையே. ஆறு வருசமாச்சு. அந்தக் கேமு கம்பெனியில கூட வேலை பாத்த பையன், பிராங்க்ளின்னு பேரு, மாரம்பாடிக்காரன். ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணி மாலையும் கழுத்துமா வந்து வாசல்ல நின்னாங்க. நான் அருவா எடுக்கல. யாரையும் பூட்டல. சினிமாக்காரன் காட்டுற ஒண்ணையும் நான் செய்யலம்மா. ஒரே ஒரு வார்த்தை சொன்னேன், உள்ள போயிட்டேன். தப்புப் பண்ணிட்டேன்னு அழுக வரல நான். அந்தக் கோவம் இன்னைக்கும் அப்பிடியேதான் கெடக்கு.

வீட்டுக்காரி சோலையம்மாள் போன்ல பேசுவா. நான் வந்தா வச்சுருவா. தீவாளி அன்னைக்கு வெஞ்சனத்தைத் தட்டுல வச்சுக்கிட்டே, எனக்குச் சொல்லல, செவத்துக்குச் சொல்றா. தமிழ்நிலா பேரு படத்துல வருதாம், கடைசியில. அம்புட்டுத்தான். அன்னைக்கே டிக்கெட் எடுத்தேன்.

அந்த வியாழக்கெழமை விட்டா மறுநாள் படப்பொட்டி கெளம்பிரும். கடைசிச் சண்டை நடக்கும்போதே மேல ஏறிட்டேன். ரூம்புக்குள்ள போய்க் கதவைத் தாப்பாள் போட்டது நெசந்தான். காத்தமுத்து சட்டையப் புடிச்சதும் நெசந்தான். ஓட்டுய்யான்னேன். அதுக்குள்ள நிப்பாட்டிட்டாரு. ரீலு தீந்துபோச்சுண்ணேன்னு என்கிட்ட சொல்றாரு. இன்னும் பத்து இருவது சுத்து இருக்கு. காயில் சுத்துறவன்கிட்ட வந்து சுத்து இல்லைன்னா? புடிச்சு இழுத்தேன். மூணு முழம் கையோட வந்துருச்சு. வெளக்குல காட்டுனா எறும்பு ஊந்தாப்ல எழுத்து. கண்ணாடியைத் தேடுறதுக்குள்ள கதவை ஒடச்சுட்டாங்க. பிலிமைப் போலீசு வாங்கிக் கவர்ல போட்டுட்டாங்க.

பிரிக்கலாமா? நெசமாவா? நீங்களே பிரிங்கம்மா, நான் தொடல. அந்தச் சன்னல் வெளிச்சத்துல புடிங்க. இந்தாங்க லென்சு. வாட்ச் ரிப்பேரு ஸ்தனிஸ்லாஸ்கிட்ட வாங்கிட்டு வந்தேன், கண்ணுல இடுக்கிக்கலாம். மூணு வாய்தாவாப் பையில வச்சுக்கிட்டுத்தான் திரியிறேன்.

ஒண்ணு கேக்கட்டுமா? வந்ததுலருந்து ஒங்க மேசைப் பலகையத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். ஆ. மணிமேகலைன்னு போட்ருக்கு. அந்த ஆவன்னா வீட்டுக்காரரா, அப்பாவா?

அப்பாவா. சரிம்மா. சும்மாதான் கேட்டேன்.

அன்னைக்கு வாசல்ல நான் சொன்ன வார்த்தை அதுதான். இனி ஒன் பேருக்கு முன்னாடி என் எழுத்தைப் போடாதேன்னேன். இங்கிலீசுலதான் போட்ருப்பாங்க. என் எழுத்து யு. அவன் எழுத்து எஃப். ரெண்டுல எதுன்னு மட்டும் பாத்துச் சொல்லிருங்க.

இருக்கா? கீழருந்து மூணாவதா. தமிழ்நிலா. சரி. முன்னாடி?

நல்லாப் பாருங்கம்மா, பொடிசா இருக்கும். பின்னாடி போட்ருக்காளா? பின்னாடியும் இல்லையா. மேல இருக்கவுங்களுக்கு? கீழ?

எல்லாருக்கும் இருக்கு. இவளுக்கு மட்டும் ஒண்ணும் இல்ல.

அவன் எழுத்தையும் போடலையா.

சின்னதுலருந்து நான் சொல்லி ஒண்ணு கேட்டதில்ல அவ. செருப்புப் போட்டுக்கிட்டு மாட்டுக்கொட்டத்துக்குள்ள போகாதேம்பேன், போவா. மெட்ராசு வேணாம்னேன், போனா. இதை மட்டும் கேட்டிருக்கா.

லென்சைக் குடுங்கம்மா, ஸ்தனிஸ்லாசு கேப்பாரு. வேணாம், நான் பாக்கல. நீங்க பாத்ததே போதும்.

எங்க போடணும், இங்கயா? காத்தமுத்து, கை நீட்டுனது தப்புதாம்ப்பா, மன்னிச்சுக்க. மேனேஜர் சார், நீங்களும். பேரு முழுசா எழுதணுமா? எழுதுறேன். பெ. உடையப்பன். பெரியசாமி மகன். தேதி இருபத்தொம்பது, மூணு, ரெண்டாயிரத்தெட்டு.