மண் கட்டின துவரை

இல்லேண்ணா, மூட்டையை இப்பவே தூக்க வேண்டாம். கூலியாள் வாசல்ல நிக்கட்டும். கிடர்பூர்லேர்ந்து வெயில்ல நடந்து வந்திருக்கேள், ஒரு வாய் மோர் குடிங்கோ. எங்காத்துக்காரர் இந்த விதையைக் குடுத்த கிராமத்துக்குப் போயிருக்கார், அந்த ஊர்க்காரா திட்டறதைக் கேட்டுக்க. நான் கதவுக்கு இந்தப் பக்கமே நின்னு பேசறேன்.

துவரை விதையை எரிச்சுடுன்னு ஆபீஸ் துரை உத்தரவு போட்டா நீங்க என்ன பண்ணுவேள், பாவம். ஆனா அது என்ன விதைன்னு கேட்டுட்டு எரிங்கோ.

கொல்லையில ஒரு பாத்தி இருக்கோன்னோ, வாடல் நோய்ல செத்த துவரஞ்செடியை எல்லாம் இவர் அதுலதான் கொத்திப் புதைப்பார். மண்ணுல நோயைச் சேக்கறேன்பார். நான் எங்க காதுல வாங்கிண்டேன்? செடியைக் கொல்லவா உங்காத்துக்காரருக்குச் சம்பளம்னு பவானிப்பூர் மாமிகள் சிரிப்பா. நானும் கூடச் சேந்து சிரிப்பேன். அந்தப் பாத்தியில சாகாம நின்ன செடியோட விதையை எடுத்து, மறுபடி அதுலேயே போட்டு, வருஷக்கணக்காப் பொறுக்கின விதைண்ணா இது.

கிராமத்துல நோய் வந்தது நிஜம். முன்னாடி அங்க அது கிடையாதுங்கறதும் நிஜம். ஆனா செத்ததெல்லாம் பக்கத்துல இருந்த அவாளோட பழைய துவரை. இவர் விதை நின்னுது. அதை யார் கேக்கறா? விதைதான் நோயைக் கொண்டு வந்துதுன்னு முடிச்சுட்டா. இவருக்குச் சோறே எறங்கலை.

போன சித்திரையில இவர் ஜுரமாக் கெடந்தாரே, நீங்ககூட வந்து பாத்தேளே. ஆபீஸ்ல எலின்னு விதை மூட்டையெல்லாம் ஆத்துலதான் இருந்தது. வண்டு பிடிச்சுடுத்து. எங்க தஞ்சாவூர்ப் பக்கம் துவரைக்கு செம்மண்ணைக் குழைச்சுக் கட்டிக் காய வெப்போம், வண்டு அண்டாது. இவருக்கு ஒத்தாசையா இருக்குமேன்னு நானே உக்காந்து கட்டினேன். பியூன் நேரா வந்து எடுத்துண்டு போயிட்டான், இவர் கண்ணுலயே படலை. கிராமத்துல விதைச்சது அதைத்தான். நீங்க எடுக்க வந்தது இந்த வருஷத்து அறுப்பு, இதை நான் தொடலை.

கல்கத்தாவுல செம்மண்ணுக்கு எங்கண்ணா போறது? கொல்லைப் பாத்தி சும்மாதானே கெடக்குன்னு அதுலேர்ந்துதான் அள்ளிண்டு வந்தேன்.

வெக்கமா இருக்கு. இவர் மூஞ்சியைப் பாத்துச் சொல்ல எனக்கு வாய் வரலை. நோயைக் கொண்டு போனது விதை இல்லை, நான் கட்டின மண்ணுதான்னு துரைகிட்ட நீங்க சொல்லிடுங்கோ. சாயங்காலம் இவர் வருவார், இவர்கிட்டேயும் நீங்களே சொல்லிடுங்கோ. நான் சமையல் உள்ளுக்குப் போயிடறேன்.