பின்சீட்டுக்கு அடியில்

வண்டி வாங்க வருகிறவர்கள் முதலில் பெயிண்டைத்தான் பார்க்கிறார்கள். நான் குறை சொல்ல மாட்டேன், சார். இருபத்திரண்டு வருஷமாக வாகனப் பரிசோதனை அலுவலகத்தில் சேஸிஸ் நம்பர் பார்ப்பதுதான் என் வேலை. எனக்கே நல்ல பெயிண்டைக் கண்டால் கண் ஒரு நிமிஷம் அங்கே நின்றுவிடும்.

கேட்டதால் விளக்கமாகவே சொல்கிறேன். அந்த நம்பர் பதினேழு எழுத்து. முதல் மூன்று, யார் செய்த வண்டி என்று சொல்லும். பத்தாவது, எந்த வருஷம் என்று. கடைசியில் வருவது அந்த ஒரு வண்டிக்கு மட்டுமே உரியது. 'ஓ' என்ற ஆங்கில எழுத்து அதில் வரவே வராது. பூஜ்யத்தோடு குழம்பும் என்று விட்டுவிட்டார்கள். முன்கண்ணாடியின் கீழ் மூலையில் ஒரு தகட்டில் இருக்கும். நாம் பேசுகிற ரக வண்டியில் பின்சீட்டைத் தூக்கினால் அடியிலுள்ள இரும்பிலும் அதே நம்பரை அடித்திருப்பார்கள். இரண்டும் வேறு வேறாக இருந்தால், அடிபட்ட இரண்டு வண்டிகளை வெட்டி, ஒன்றின் முன்பாதியோடு மற்றதன் பின்பாதியைப் பற்றவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

என் தங்கை வாங்கியது அப்படிப்பட்ட வண்டி. விற்றவரை எல்லோரும் பாலிஷ் என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் எந்நேரமும் ஒரு மஞ்சள் துணி. வாங்கிய நான்காம் மாதம் பாலத்தின் மேல் ஒரு லாரி லேசாக உரசியது. வண்டி நடுவில் இரண்டாகப் பிரிந்தது. ஓட்டிய மாப்பிள்ளைக்கு நெற்றியில் நான்கு தையல். பின்சீட்டில் இருந்த தங்கை, பின்பாதியோடு ஆற்றுக்குள் போய்விட்டாள்.

விசாரணையில் பாலிஷ், "நானும் ஏமாந்துட்டேன் சார், ஒட்டு வண்டின்னு சத்தியமா தெரியாது" என்றார். விட்டுவிட்டார்கள்.

நான் அவர் கடைக்குப் போனேன். என்னைக் கண்டதும் அழுதார். தோளில் கை வைத்து, "விடுங்க, உங்க மேல எனக்குக் கோபமில்ல" என்றேன். அன்றிலிருந்து அவர் எந்த வண்டி எடுத்தாலும் என்னிடம் காட்டாமல் விற்பதில்லை. இரண்டு வருஷம் நான் ஒரு வண்டியில்கூடப் பொய் சொல்லவில்லை. நம்பிக்கை ஒரு நாளில் வருவதில்லை, சார்.

அவருக்கு ஒரே மகள். பல் டாக்டருக்குப் படித்து முடித்திருந்தாள். அவளுக்காக வெளியூரில் ஒரு வண்டி பார்த்து என்னிடம் கொண்டுவந்தார்.

"நீங்க பாத்து சரின்னா போதும். எனக்குப் பெயிண்டுதான் தெரியும்."

பின்சீட்டைத் தூக்கினேன். கட்டைவிரலால் தடவினேன். பழைய நம்பரைத் தேய்த்து எடுத்த இடம் வழுவழுவென்று இருந்தது. அதன்மேல் முன்பக்கத்து நம்பரைப் பார்த்துப் புதிதாக அடித்திருந்தார்கள். அடித்தவனுக்கு அவசரம் போல. பூஜ்யத்துக்குப் பதிலாக 'ஓ' போட்டுவிட்டான். சீட்டை ஒழுங்காகப் பொருத்திவிட்டுக் கை துடைத்துக்கொண்டேன்.

"தாராளமா எடுத்துக்கோங்க."

"அங்கிள், ஒரு ரவுண்டு வாங்களேன்" என்றாள் மகள். முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன்.

அதன்பிறகு ஏழு மாதம், வழியில் பார்க்கும்போதெல்லாம் ஹாரன் அடிப்பாள். நானும் கையசைப்பேன். அதில் எந்த நாளிலும் நான் வாய் திறந்திருக்கலாம். மறந்துபோய்ச் சும்மா இருந்தேன் என்று தயவுசெய்து எழுதாதீர்கள். ஒவ்வொரு தடவையும் நினைத்தேன்; நினைத்துவிட்டுத்தான் கையசைத்தேன்.

எட்டாம் மாதம் ஒரு சின்ன மோதல். இந்தத் தடவை பின்பாதி சாலையிலேயே நின்றது. பெண் முன்பாதியில் இருந்தாள்.

காரியங்கள் முடிந்த பிறகு, பிடித்த வண்டிகளை நிறுத்தும் உங்கள் போலீஸ் ஸ்டேஷன் வளாகத்துக்கு நானேதான் பாலிஷைக் கூட்டிப்போனேன். சீட்டைத் தூக்கி, அவர் விரலைப் பிடித்து அந்த 'ஓ' மேல் வைத்தேன். பதினேழு எழுத்தையும் பொறுமையாகப் படித்துக் காட்டினேன். அவரும் பொறுமையாகக் கேட்டார்.

"இது உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும். என் தங்கச்சிக்காகத்தான்."

சட்டையைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்க தங்கச்சி வண்டிய நீங்கதானே வந்து பாத்தீங்க? நீங்க சரின்னு சொன்னப்புறம்தானே நான் சாவியக் குடுத்தேன்?"

உண்மைதான், சார். முன்கண்ணாடியில் இருந்ததைப் படித்தேன். பின்சீட்டைத் தூக்கவில்லை. தூக்கியிருந்தால் நம்பர் வேறு என்று அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும். "அண்ணா, நல்லாப் பாத்தியா?" என்றுகூடத் தங்கை கேட்டாள். நல்ல வெயில், சாப்பாட்டு நேரம் வேறு. பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன்.

மற்றதையெல்லாம் நான் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இந்தக் கடைசி விஷயம் மட்டும் வேண்டாம். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. என் தங்கையைக் கொன்றது அவர்தான்.