ராகி நாற்றைப் போல நட்ட ஜினியா

தேவராஜ மார்க்கெட் அருகே பஸ் ஏறிய இரண்டு பெண்கள் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். இளையவள் கையில் ஒரு விதைப் பாக்கெட் இருந்தது.

“பக்கத்து வீட்டு ஜினியாப் பூவ எங்க தோட்டத்துப் பூவுன்னு காட்டிட்டனுங்க்கா.”

“ஆருகிட்ட?”

“ஓனரம்மாகிட்டத்தான். அமெரிக்காவுல மக வீட்டுல இருந்துட்டு தெனமும் வீடியோல தோட்டத்தப் பாக்கறாங்க. அவங்க தூவிட்டுப் போன ஜினியா நெருக்கமா மொளச்சுது. நம்மூர்ல ராகி நாத்து நடற மாதிரி எல்லாத்தையும் புடுங்கி வரிசையா நட்டேன். ரெண்டே நாள்ல பூராஞ் செத்துப்போச்சு.”

“ஜினியாவுக்கு வேர அசைச்சா ஆகாது கண்ணு. வெத போட்ட எடத்துலயே உட்டுட்டு, நெருக்கமா இருக்கறத மட்டும் கிள்ளிப் போடோணும். பரவால்ல, மாசி வெயிலு அதுக்கு நல்லதுதான். இன்னைக்குப் போட்டா நாலஞ்சு நாள்ல மொளச்சிரும்.”

“பூக்கறதுக்கு?”

“ரெண்டு மாசம் ஆகும்.”

“ஓனரம்மா ஞாயித்துக்கெழம காலைல வராங்க.”

பெரியவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

“அவங்க வீட்டுப் பின்னாடி ரூம்லதான் குடியிருக்கறோம். பொய் சொன்னது தெரிஞ்சு காலி பண்ணச் சொல்லிட்டா எங்க போவேனுங்க்கா?”

“போன்லயே உண்மையச் சொல்லீரு.”

அப்போதே போன் அடித்தது. திரையில் ‘ஓனரம்மா’ என்று வந்ததை இளையவள் பார்த்துவிட்டு, அது அடித்து ஓயும்வரை முந்தானைக்குள் அமுக்கிப் பிடித்திருந்தாள்.

பிறகு கேட்டாள்: “பக்கத்து வீட்டுல ரெண்டு செடி கேட்டு வாங்கி, சனிக்கெழம சாயங்காலம் புடுங்கி நட்டா, மறுநா காலை வரைக்கும் வாடாம நிக்குமாக்கா?”