தோள்பட்டை வலி

இந்த நாற்காலி வசதியாக இருக்கிறது, ஐயா. மர அறுவை மில்லில் பதினோரு வருடம் நின்றே பழகியவனுக்கு இதுவே பெரிய சுகம்.

மச்சானும் நானும் ஒரே ரம்பத்தில் வேலை பார்த்தோம். அவர் கட்டையைத் தள்ளுவார், மறுபக்கம் நான் பலகையை வாங்குவேன். கெட்டிக்காரர். கண் ரம்பத்தை விட்டு அகலாது. எனக்கு அவரைப் பிடிக்காது என்று யாராவது சொன்னால் அது பொய். வேறு ஊரில் அவருக்கு நல்ல வேலை கிடைத்தது, அக்காவையும் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். அம்மா போன பிறகு எனக்குச் சோறு போட்டு ஆளாக்கியவள் அக்கா. மச்சான் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த வாரம்தான் அவருக்கு இடது தோள்பட்டையில் வலி வந்தது. தசைப்பிடிப்பு என்றார் டாக்டர்.

"டாக்டருங்க அப்படித்தான் சொல்வாங்க மச்சான். நீங்க வர்றதுக்கு முன்னாடி இங்க ஒரு மேஸ்திரி இருந்தாரு. அவருக்கும் இடது தோள்லதான் ஆரம்பிச்சுது. பத்தே நாள்."

அப்படி ஒரு மேஸ்திரி இருந்ததே இல்லை.

அதன்பின் எனக்கு அதிக வேலை இருக்கவில்லை. காலையில் ஒரு தடவை, சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை, "கைக்கு இறங்குதா?" என்று கேட்பேன். மீதியை அவரே பார்த்துக்கொண்டார். பேச்சைப் பாதியில் விட்டுவிடுவார், விரலை மடக்கி மடக்கிப் பார்ப்பார். குழம்பில் உப்பில்லாததுகூட அவருக்குத் தெரியவில்லை. கவனம் மொத்தமும் அந்தத் தோளுக்குள் குடிபோய்விட்டது. அக்கா பயந்து அழுதாள்.

"அழாதக்கா, நான் பக்கத்துலயேதான இருக்கேன்" என்றேன்.

ரம்பம் ஓடும்போது பேசக் கூடாது என்பது மில்லின் சட்டம். ஒன்பது நாள் அதை நான் மீறவில்லை. பத்தாம் நாள், கட்டை பாதி அறுபட்டிருந்தபோது, "உதடு ஏன் மச்சான் நீலமா இருக்கு?" என்றேன். சத்தமாகத்தான் கேட்க வேண்டியிருந்தது. அவர் ஒரு கையை எடுத்து உதட்டைத் தொட்டுப் பார்த்தார். இன்னொரு கை கட்டையோடு போய்க்கொண்டே இருந்தது.

நிறுத்தும் பொத்தான் என் பக்கம்தான். விரல் மட்டும் போனால், அவர் போகவிருந்த ஊரில் வேறு வேலை கொடுத்துவிடுவார்கள் என்று தோன்றியது. அதனால் கொஞ்சம் பொறுத்து அழுத்தினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அக்கா இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். மூன்று மாதமாக என்னிடம் பேச்சில்லை. புகார் கொடுத்ததே அவள்தான் என்கிறீர்கள். துக்கத்தில் அப்படித்தான் இருக்கும் ஐயா, நான் வீட்டுக்குப் போனதும் சரியாகிவிடுவாள்.