எந்த உறை வாங்கலாம் என்று கேட்டீர்கள்

அன்று ஸ்டூடியோவிலிருந்து கிளம்பும்போது, தங்கள் மகளின் கம்ப்யூட்டருக்கு எந்த எஸ்.எஸ்.டி. உறை வாங்கலாம் என்று என்னிடம் கேட்டீர்கள். நான் அவசரத்தில் தவறான விடை சொல்லிவிட்டேன். அதைத் திருத்துவதற்காகவே இதை எழுதுகிறேன். இதற்கு முன் நான் எதையும் நீளமாக எழுதியதில்லை. பிழைகள் இருப்பின் பொறுத்தருள வேண்டும்.

தாங்கள் கேட்ட விதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் முதலாளி முருகானந்தம் அண்ணனின் உடலை ஆம்புலன்சில் ஏற்றி அனுப்பிய பிறகு, நான் எழுதிக்கொடுத்த தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தொப்பியைக் கையில் எடுத்தீர்கள். அப்போது என் மேசைமீது இருந்த பொருள்களைப் பார்த்தீர்கள்.

“ஏந்தம்பி, நீ இதுலயெல்லாம் வெவரமான ஆளாட்டத் தெரியுது. எம்பொண்ணு ஒரு டப்பா வாங்கித் தரச்சொல்லி உசுர வாங்கறா. வேகமா ஓடறது எதுப்பா?”

“நாப்பதுன்னு போட்டிருக்கறத வாங்குங்க மேடம்” என்றேன்.

“நாப்பதாயிரமா?” என்று ஏட்டையா பதறினார். தாங்கள் சிரித்துவிட்டு, வாசலில் அண்ணனின் மனைவி வசந்தாமணி அக்கா உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டீர்கள்.

நாற்பது என்று நான் சொன்னது வேகத்தின் அளவு. அது தவறான பரிந்துரை. தங்கள் மகள் வைத்திருப்பது சாதாரண டெஸ்க்டாப் என்று சொன்னீர்கள். அதில் நாற்பதுக்கு ஏற்ற துளை இருக்க வாய்ப்பு குறைவு. பத்து என்று அச்சிட்ட உறையே போதுமானது. எஸ்.எஸ்.டி. என்பது கோப்புகளைச் சேமிக்கும், ஆள்காட்டி விரல் நீளத்தில் ஒரு மெல்லிய பட்டை. அதை அப்படியே கம்ப்யூட்டரின் வெளித் துளைகளில் செருக முடியாது. ஓர் உறைக்குள் வைத்து, கேபிள் வழியாக இணைக்க வேண்டும். பட்டை எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் உறை மந்தமாக இருந்தால் எல்லாமே மந்தம்தான். உறை அலுமினியத்தில் இருப்பது நல்லது. நெடுநேரம் ஓடும்போது சூடு வெளியே போகும். பிளாஸ்டிக் உறைக்குள் சூடு தங்கி, பாதியில் வேகம் குறைந்துவிடும். கேபிளும் முக்கியம். போன் சார்ஜரின் கேபிளைச் செருகினால் அது பொருந்தும், ஆனால் ஊர்ந்து செல்லும். டெஸ்க்டாப்பின் முன்பக்கத் துளைகளைத் தவிர்த்து, பின்பக்கத்தில் செருகச் சொல்லவும்.

சிறிய விளக்கு உள்ள உறையாகவும் பார்க்கவும். கோப்புகள் ஓடிக்கொண்டிருக்கும்வரை அது சிமிட்டும். முடிந்ததும் சிமிட்டாமல் எரியும். திரையைப் பார்க்காமலேயே தெரிந்துகொள்ளலாம்.

இவ்வளவு விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்று தாங்கள் வியக்க வேண்டாம். நான் எம்.எஸ்சி. கணினி அறிவியல் படித்தவன். அண்ணனிடம் எடிட்டராகச் சேர்ந்த நாளிலிருந்து இந்த ஒரு பொருளைப் பற்றித்தான் அதிகம் யோசித்திருக்கிறேன். அவர் கல்யாண மண்டபத்தில் எடுத்த காட்சிகளை எல்லாம் அந்தப் பட்டையில் ஏற்றிக் கொண்டுவருவார். நான் அவற்றை டெஸ்க்டாப்புக்கு மாற்றிவிட்டுப் பட்டையைக் காலி செய்து தரவேண்டும். அடுத்த முகூர்த்தத்துக்கு அதே பட்டைதான் போகும். ஒரு கல்யாணம் மாறி முடிவதற்குள் நான் டீ குடித்து, சாப்பிட்டு, மறுபடி டீ குடித்துவிடலாம். அவ்வளவு மட்டமான உறை அது. வேறு வாங்கலாம் என்று பலமுறை பணிவாகக் கேட்டிருக்கிறேன். படங்களையும் காட்டியிருக்கிறேன்.

“பொண்ணு பாக்கறதுக்குக்கூட நீ இத்தன யோசிக்கமாட்டயாட்டருக்குது. டப்பா டப்பாவாப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறான்” என்பார் அண்ணன். வாடிக்கையாளர்கள் இருந்தால் அவர்களும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவர் மோசமானவர் அல்லர். சிரிக்க வைப்பவர். மண்டபத்தில் முறைத்துக்கொண்டு நிற்கும் சம்பந்திகளையும் ஒரே வார்த்தையில் சேர்ந்து நிற்க வைத்துவிடுவார்.

டெஸ்க்டாப்புக்கு உள்ளே பேட்டரி கிடையாது என்பதைத் தங்கள் மகளுக்கு நினைவூட்டவும். கரண்ட் போனால் அந்த நொடியே அணைந்துவிடும். அதற்குத்தான் யு.பி.எஸ். எங்கள் யு.பி.எஸ்.ஸின் பேட்டரி செத்து வெகுநாள் ஆகியிருந்தது. ஆடியில் கல்யாணம் இருக்காது, அப்போது மாற்றிக்கொள்ளலாம் என்றார். ஆடி போய் ஆவணியும் வந்துவிட்டது.

பாதியில் அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்ல அனுமதிக்கவும். ராசிபுரத்தில் நர்மதா என்பவரின் திருமணம். கோப்புகள் மாறிக்கொண்டிருந்தபோது நான் எதிர்க் கடைக்குச் சென்றிருந்தேன். அண்ணனின் போனில் சார்ஜ் இல்லை. உறையில் செருகியிருந்த கேபிளைப் பிடுங்கித் தம் போனுக்குப் போட்டுக்கொண்டார். எல்லாம் ஏறியிருக்கும் என்று எண்ணி, அவரே பட்டையைக் காலி செய்து மறுநாள் முகூர்த்தத்துக்கு எடுத்துச் சென்றுவிட்டார். தாலி கட்டியதும் அதற்குப் பிறகு நடந்தவையும் போய்விட்டன.

பெண் வீட்டார் வந்தார்கள். அண்ணன் என் தோளில் கை போட்டுக்கொண்டார்.

“எங்க யோகேசு பண்ணிப்புட்டானுங்க. நல்லாப் படிச்ச பையன்தான், கவனம் பத்தாது. டேய், மன்னிப்புக் கேளு.”

“மன்னிச்சுக்குங்க” என்றேன். அப்போது எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. முதலாளி சொன்னார், சொன்னேன்.

சில மாதம் கழித்து நர்மதா தனியாக வந்தார். அவருடைய அப்பா இறந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் துக்க வீடுகளில் என்ன செய்வார்கள் என்பது தாங்கள் அறிந்ததே. கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் வைக்க இறந்தவரின் நல்ல முகம் ஒன்று வேண்டும். ஆதார் அட்டையில் இருப்பது யாருக்கும் பிடிக்காது. எனவே அந்த வீட்டின் கடைசிக் கல்யாணத்தை எடுத்த ஸ்டூடியோவுக்கு வருவார்கள். நாங்கள் வீடியோவில் ஒரு முகத்தை நிறுத்திப் பிடித்து, வெட்டித் தருவோம்.

“எங்கப்பா பல்லுத் தெரியச் சிரிச்சது அன்னைக்கு மட்டுந்தானுங்க. தாலி கட்டறப்ப எதுத்தாப்புல நின்னாரு. ஒருக்கா நல்லாத் தேடிப் பாருங்களே.”

இல்லாததைத் தேடுவதுபோல அவர் முன்னால் சிறிது நேரம் தேடினேன். அண்ணன் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். நர்மதா அவரை ஒன்றும் கேட்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். பிறகு எழுந்து போய்விட்டார். “எத்தனயோ கல்யாணம் எடுத்தாச்சு, ஒன்னு போனா என்னடா” என்றார் அண்ணன். உண்மைதான். அன்று மாலையும் புதிய உறைகளின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது நான் எழுதிக்கொடுத்த தாளில் உள்ள ஒரு பிழையைத் திருத்த வேண்டும். சம்பவத்தின்போது காதில் ஹெட்போன் மாட்டியிருந்தேன், எதுவும் கேட்கவில்லை என்று எழுதியிருந்தேன். அருள்கூர்ந்து அந்த வரியை நீக்கிவிடவும். ஹெட்போன் அன்று கேமரா பைக்குள் இருந்தது. ஆத்தூர் கல்யாணத்திலிருந்து வந்த பின் அந்தப் பையை யாரும் திறக்கவே இல்லை.

எங்கள் ஸ்டூடியோவில் ஒரு பழக்கம் உண்டு. மெயின் சுவிட்ச் கீழ்த்தளத்தில், என் மேசைக்கு மேலே, உட்கார்ந்தபடியே கை எட்டும் இடத்தில் இருக்கிறது. கடையின் பெயர்ப் போர்டு மாடியில், கைப்பிடிச் சுவருக்கு வெளியே இருக்கிறது. போர்டுக்கென இருந்த தனி சுவிட்ச் உடைந்துபோனதால், அதை மெயினோடு நேராக இணைத்துவிட்டார்கள். ஆகவே போர்டில் கை வைக்க வேண்டுமானால் மெயினை அணைக்க வேண்டும். அணைத்தாயிற்றா என்று யாரும் இறங்கிவந்து பார்ப்பதில்லை. அண்ணன் மேலிருந்து குரல் கொடுப்பார், நான் கீழிருந்து பதில் சொல்வேன். ஒரு டெஸ்டர் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டதற்கு, “எந்தம்பி வாய்தான்டா எனக்கு டெஸ்டரு” என்றார்.

அன்று போர்டில் பாதி எழுத்துகள் எரியவில்லை. முகூர்த்த சீசனில் அப்படி இருக்கக்கூடாது என்று, மழைக்கு முன்பே சரிசெய்துவிட ஏணியைத் தூக்கிக்கொண்டு ஏறினார். ஆத்தூர் கல்யாணம் டெஸ்க்டாப்புக்கு மாறிக்கொண்டிருந்தது.

“யோகேசு, மெயின அமத்துடா.”

“காப்பி ஓடுதுங்கண்ணா. இப்ப அமத்துனா ஆத்தூர் கல்யாணம் போயிருமுங்க.”

“இன்னுமா ஓடுது? மாட்டு வண்டி கட்டியிருந்தாலே ஆத்தூரு போயிட்டுத் திரும்பியிருக்கலாம். செரி, ஆனதும் அமத்திட்டு ஒரு சத்தங்குடு. மழ கட்டுது.”

ஏணியைச் சுவரோரம் நகர்த்தும் ஓசை கேட்டது. பழைய பாட்டு ஒன்றை முணுமுணுத்தார். தூறல் விழத் தொடங்கியது. சிறிது நேரம் சென்றது.

“ஆச்சாடா? மெயினு ஆஃபா?”

“ஆஃபுங்கண்ணா” என்றேன்.

மெயின் ஆஃபில் இல்லை. தாங்கள் இதை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். இன்னும் இல்லை என்று சொல்லியிருந்தால் அவர் பொறுமையிழந்து இறங்கிவந்திருப்பார். கேபிளைப் பிடுங்கியிருப்பார். ராசிபுரத்தைப்போல ஆத்தூரும் போயிருக்கும். இன்னொரு வீட்டார் வந்திருப்பார்கள். அவர் என் தோளில் கை போட்டிருப்பார். ஒரு குடும்பத்தின் கல்யாணத்தைக் காப்பாற்ற ஒரு சொல் தேவைப்பட்டது. வேகமான உறை ஒன்று இருந்திருந்தால் அதற்கும் அவசியம் நேர்ந்திராது. வெகுமுன்பே கோப்புகள் மாறி முடிந்திருக்கும், நானும் சுவிட்சை அணைத்திருப்பேன். இந்த ஒரு பொருளைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு முக்கியம் என்பதைத் தங்கள் மகளுக்கும் எடுத்துச் சொல்லலாம்.

ஏணி சாய்ந்த சத்தம் கேட்டது. அவர் குரல் கேட்கவில்லை. நான் திரையில் ‘பாதுகாப்பாக நீக்கு’ என்பதை அழுத்தினேன். கம்ப்யூட்டர் உடனே அனுமதித்தது. கேபிளைக் கழற்றிச் சுருட்டி, உறையை இழுப்பறையில் வைத்தேன். அதன் பிறகு மெயினை அணைத்தேன். தாங்கள் வந்தபோது அது அணைந்திருந்ததற்குக் காரணம் அதுவே. ஈரச் சுவரில் தெருக் கம்பி உரசியிருக்கலாம் என்று ஏட்டையா சொன்னது அவருடைய நல்ல மனம். தெருக் கம்பிமேல் எந்தக் குற்றமும் இல்லை.

இரண்டு நாள் கழித்து வசந்தாமணி அக்கா வந்தார். வேறு எங்கே போவார். ஆத்தூர் கல்யாணத்தில், இரண்டாம் கேமராவின் குறுக்கே அண்ணன் ஒருமுறை நடந்து போகிறார். பெண்ணின் மாமாவிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார். நான் அந்த இடத்தில் நிறுத்தி, முகத்தை வெட்டி, பின்னணியில் மேகம் வைத்துக் கொடுத்தேன். ஒரு புள்ளிகூடச் சிதையவில்லை.

“ஊரு மொகத்தயெல்லாம் எடுத்த மனுசன், தனக்குன்னு ஒரு போட்டோ எடுத்துக்கல சாமி. நீ மட்டும் இல்லீன்னா எனக்கு இந்த மொகங்கூடக் கெடச்சிருக்காது.”

“ஆமாங்கக்கா” என்றேன். அந்த ஃபிளெக்ஸ் இப்போது எரியாத போர்டுக்குக் கீழே கட்டப்பட்டிருக்கிறது. அவர் சிரிப்பது என்னைப் பார்த்து அல்ல, பெண்ணின் மாமாவைப் பார்த்துத்தான்.

காரியம் முடிந்த மறுநாள், பத்து என்று அச்சிட்ட அலுமினிய உறை ஒன்றை நானே வாங்கினேன். சோதித்துப் பார்க்க ஆத்தூர் கல்யாணத்தையே அதில் ஏற்றி, மறுபடி இறக்கினேன். வாங்கிவைத்த டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. தயக்கமின்றி வாங்கலாம். தங்கள் மகளுக்கு இணைப்பதில் ஐயம் எழுந்தால் நான் வந்து செய்து தரவும் கடமைப்பட்டிருக்கிறேன், அதற்கு அனுமதி கிடைக்கும் நிலையில் இருந்தால்.

பழைய உறையைத் தாங்கள் எடுத்துக்கொள்ள விரும்பலாம் என்பதால் இழுப்பறையிலேயே விட்டிருக்கிறேன். எல்லா வகையிலும் மட்டமான பொருள் அது. அதன் நீல விளக்கு மட்டும் ஒருநாளும் தவறாகக் காட்டியதில்லை. அண்ணன் இரண்டாம் முறை குரல் கொடுத்தபோது நான் அந்த விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது சிமிட்டவில்லை.