ஒரே உருண்டையாய் அடைத்த பல்

— வாயை மூடாத, எவரிஸ்தோ. அரெகிபா ஊர்ல இத்தனை பல் டாக்டர் இருக்க, பிரிஞ்சு போன பொண்டாட்டிகிட்டயா வந்து உக்காருவ?

— நானும் டாக்டர்தான், என் பல்லை நானே நோண்ட முடியாதே. குத்திக் காட்டாம வேலையைப் பாரு, மரிசெலா.

— எப்ப வலிக்குது?

— கடிச்சுட்டு விடும்போது. நேத்து வறுத்த சோளம் ஒண்ணு சிக்குச்சு, உயிரே போயிடுச்சு.

— போகாதா பின்ன? பல்லடைக்கிற பிசினைக் குழி முழுக்க ஒரே உருண்டையா அமுக்கி, இறுகறதுக்கு மேல லைட்டைக் காட்டி அனுப்பியிருக்கு. இறுகும்போது அது சுருங்கும்னு தெரியாதா? பல் சுவரை விட்டுப் பிஞ்சு நிக்குது, ஊசி முனை உள்ள போகுது.

— உன்னை மாதிரி துளித்துளியா சாய்ச்சு வச்சு, ஒவ்வொரு துளிக்கும் லைட்டடிச்சா, வெளியில உக்காந்திருக்கவன் எழுந்து போயிடுவான்.

— உன்கிட்ட கூட்டம் நிக்குது. என்கிட்ட பல்லு நிக்குது.

— இந்த நாக்குக்குப் பயந்துதான் வீட்டை விட்டே போனேன். சியோமாரா எப்படி இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டியா?

— என் பொண்ணைப் பத்தி நீ எனக்குச் சொல்ல வேண்டாம். அவளுக்கு என் கை. பல் காலேஜை முடிச்சதும் இந்த நாற்காலி அவளுக்குத்தான். ஆட்டுக்கறி நார் இடையில மாட்டுதா?

— மாட்டுது.

— பல்லைச் சுத்தித் தகட்டைக் கட்டினவங்க, அது இறுகி நிக்க இடுக்குல ஆப்பு வைக்கல. ரப்பர் விரிப்பும் போடல, எச்சில் இறங்கியிருக்கு. எந்தக் கழுதை பண்ணுச்சு இதை?

— எடுத்துட்டுப் புதுசா வை. பார்வைக்கு மட்டும் இப்ப இருக்கிற மாதிரியே இருக்கட்டும்.

— பேரைச் சொல்லு. சங்கத்துக்கு எழுதிப் போடறேன். அந்தக் கையில இனி ஒரு வாயும் சிக்கக் கூடாது.

— எழுதாத.

— ஏன், உன் கூட்டாளியா? பேரு வராம மெஷினைத் தொட மாட்டேன். வலியோட கிளம்பு.

— மரிசெலா, வேண்டாம். கேட்டா தாங்க மாட்ட.

— உன்னையே தாங்கினவ நான். சொல்லு.

— பல் காலேஜ்ல வைத்தியம் பண்ணிப் பழக ஆளை மாணவங்களேதான் பிடிச்சுட்டு வரணும், உனக்குத் தெரியும். கத்துக்குட்டி கையில என் வாயைக் கொடுக்க மாட்டேன்னு சியோமாராகிட்ட நீ சொல்லிட்டியாம். அழுதுட்டு வந்தா. நான் வாயைத் திறந்தேன்.